அணுகுண்டுக்கும் ஒரு ஸ்டோர்ஸ் உண்டு



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் கீப்பர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே தலைப்பில் அணுகுண்டு. இந்த இரண்டுக்கும் என்ன பொருத்தம் என்று வாசலில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். முப்பத்தோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் பின் கார்டும் இண்டென்ட்டும் கேட் பாஸுமாகக் காலம் தள்ளியவன் நான். இயற்பியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் அணு ஆயுதங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. ஓப்பன்ஹைமர் செய்தது இயற்பியல். அவருக்குப் பிறகு இந்த எண்பது ஆண்டுகளாக அந்தக் குண்டுகளை வைத்துக் காப்பாற்றி, துடைத்து, எண்ணி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்களே, அது என் வேலை. ஸ்டோர்ஸ் வேலை.

அந்த வேலையைச் செய்பவர்களைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். ஜெனரல்கள் இல்லை, விஞ்ஞானிகள் இல்லை. அமெரிக்க விமானப்படையின் ஏர்மேன்கள். விமானப்படைத் தளம் இருக்கும் தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆபீசர் அல்லாதவர், விமானப்படையில் இருந்தும் விமானம் ஓட்டாதவர். அமெரிக்காவில் பதினெட்டு வயதில் பள்ளி முடித்தவுடன் சேர்ந்துவிடலாம். டெக்சாஸில் சான் அந்தோனியோ ஊரில் இருக்கும் லாக்லண்ட் தளத்தில் சில வாரம் அணிவகுப்பும் அதட்டலும். பிறகு தொழிற்பயிற்சி. அணு ஆயுதப் பராமரிப்புக்கு என்று ஒரு தனித் தொழில் எண் உண்டு. அதைக் கற்றுக்கொடுப்பது அதே டெக்சாஸில் ஷெப்பர்ட் தளத்தில். அது முடிந்ததும் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன், ஒரு பெண், ஹைட்ரஜன் குண்டின் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கலாம்.

ஸ்பேனர் என்றதும் ஒரு சம்பவம். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1980 செப்டம்பர் 18, வியாழக்கிழமை. ஆர்க்கன்சா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்ற சின்ன ஊர். சிரியாவின் தலைநகரத்துப் பெயர்தான், ஊர் மட்டும் வயல்காடு. அங்கே தரைக்குள் தோண்டிய கான்கிரீட் கிணற்றில் ஒரு டைட்டன் 2 ஏவுகணை நின்றது. 103 அடி உயரம். உச்சியில் 9 மெகாடன் வெடிமுனை. ஹிரோஷிமாவில் விழுந்தது ஏறத்தாழ 15 கிலோடன். இது அதைப்போல அறுநூறு மடங்கு. டைட்டனின் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். தீக்குச்சிகூட வேண்டாம். அதனால்தான் அதன் தொட்டிகளைப் பராமரிப்பவர்கள் விண்வெளி வீரர்போல உடை போட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

அன்று மாலை இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். தொட்டியின் அழுத்தத்தைச் சரிசெய்யும் வழக்கமான வேலை. ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். புதிதாக வந்த விதிமுறைப்படி அதற்கு டார்க் ரென்ச் பயன்படுத்த வேண்டும். எடுத்து வந்ததோ பழைய வழக்கப்படி ராட்செட். அது தெரியவந்தபோது உடை போட்டாகிவிட்டது, கீழே வந்தாகிவிட்டது. திரும்பி ஏறிப்போய், உடையைக் கழற்றி, கருவியை மாற்றிக்கொண்டு வருவது என்றால்... ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த யாராவது இந்த அவையில் இருந்தால் அந்த நிமிடம் அவருக்குத் தெரியும். 'இதுவே போதும், ஆகட்டும்' என்று தோன்றும் நிமிடம்.

ராட்செட்டிலிருந்து சாக்கெட் கழன்றது. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு. எழுபது எண்பது அடி கீழே விழுந்து, அடியில் இருந்த தாங்கியில் மோதி, எம்பி, ஏவுகணையின் முதல் அடுக்குத் தொட்டியைக் குத்திவிட்டது. எரிபொருள் ஆவியாகக் கிளம்பிக் கிணறு முழுக்க நிறைந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் தொலைபேசிகளில் ஆலோசனை நடந்தது. தூரத்துத் தலைமையகத்தில் இருந்தவர்கள் முடிவெடுக்க, கிணற்றோரத்தில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி, ஆவி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வர இரண்டு பேரை உள்ளே அனுப்பினார்கள். பிறகு காற்றோட்ட விசிறியைப் போடச் சொன்னார்கள். 19ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிவாக்கில் கிணறு வெடித்தது. 740 டன் எடையுள்ள மூடி தூக்கி எறியப்பட்டது. வெடிமுனை பறந்துபோய் வளாகத்தின் வாசல் பக்கம் விழுந்தது. வெடிக்கவில்லை. உள்ளே போன இருவரில் டேவிட் லிவிங்ஸ்டன் அன்றே இறந்தார். வயது 22. இன்னும் 21 பேருக்குக் காயம்.

வெடிமுனை ஏன் வெடிக்கவில்லை? அதை வடிவமைத்தவர்கள் வைத்திருந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் வேலை செய்தன. அந்தப் பெருமை அவர்களுக்குச் சேரட்டும். ஆனால் விபத்துக்குப் பிறகு குற்றம் யார் தலையில் போய் உட்கார்ந்தது என்று பாருங்கள். முதலில் கருவியைப் பற்றிய பேச்சு, பிறகு கருவியைப் பிடித்த கையைப் பற்றிய பேச்சு. உயிரைப் பணயம் வைத்து உள்ளே போய்த் தப்பிய சார்ஜன்ட்டுக்கே, முன்னதாக உத்தரவில்லாமல் நிலையத்துக்குள் போனார் என்று கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். டைட்டன் பழையதாகிவிட்டது, கசிகிறது, விலக்க வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே உண்டு. கடைசி டைட்டன் கிணற்றிலிருந்து வெளியே வந்ததோ 1987இல்.

சரி, இந்த வேலை தினசரி எப்படி இருக்கும்?

குண்டுகளை வைத்திருக்கும் கட்டடத்தை அவர்கள் இக்ளூ என்கிறார்கள். எஸ்கிமோ வீட்டுப் பெயர். மேலே மண்ணும் புல்லும் போர்த்திய கான்கிரீட் கூடு. சுற்றிலும் இரட்டை வேலி, துப்பாக்கியோடு காவல். உள்ளே தனியாக யாரும் நிற்கக் கூடாது. சிப்பாய்க்கும் அதே சட்டம், கர்னலுக்கும் அதே சட்டம். எப்போதும் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் தப்புச் செய்தால் இன்னொருவருக்குப் புரிய வேண்டும். வேலை தெரியாத ஒருவரைத் துணைக்கு நிறுத்தினால் அது கணக்கில் வராது. நம் ஊரில் சாட்சிக் கையெழுத்துப் போட வருபவர் பத்திரத்தைப் படிப்பதில்லை. அங்கே படித்தே ஆக வேண்டும்.

வேலை புத்தகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். மனப்பாடமாகத் தெரியும் என்றாலும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஒருவர் ஒரு வரியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் செய்வார், செய்தேன் என்பார், அடுத்த வரி. இருபது வருடம் செய்த வேலையானாலும் இப்படித்தான். கருவிப்பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எந்தப் பள்ளமாவது காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பொறாமையை ஒளிக்க விரும்பவில்லை. எங்கள் ஸ்டோர்ஸில் ஸ்பேனருக்கும் மழைக்காலக் குடைக்கும் ஒரே கதிதான்.

குண்டின் மையக் கருவை, புளூட்டோனியத்தை, ஏர்மேன் திறப்பதில்லை. அதற்கு டெக்சாஸில் அமரில்லோ பக்கம் பேன்டெக்ஸ் என்ற ஆலை இருக்கிறது. படைத்தளத்தில் நடப்பது அதைச் சுற்றியுள்ள வேலை. கேபிள், பேட்டரி, மின்சுற்றுச் சோதனை, பெயிண்ட், துரு. முக்கியமாக டிரிட்டியம் என்ற வாயு அடைத்த குப்பி. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அதாவது குண்டு சும்மா கிடந்தாலும் அதன் சரக்கு கரைந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை பழைய குப்பியை எடுத்துப் புதியது வைக்க வேண்டும். எக்ஸ்பைரி டேட் பார்க்க வேண்டிய சரக்கு, வேறென்ன. இதை நீங்கள் வேண்டாத மூலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. தினமும் ஆள் வேண்டும். உலகத்தில் எத்தனை வெடிமுனை என்று செய்தித்தாளில் எண்ணிக்கை போடும்போதெல்லாம், அத்தனைக்கும் பின்னால் ஸ்பேனரோடு ஒரு ஜோடி நிற்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கருவிகளைப் போலவே ஆளையும் சோதிப்பார்கள். நம்பகத்தன்மைத் திட்டம் என்று ஒன்று. பல் பிடுங்கி டாக்டர் வலி மாத்திரை கொடுத்தால் சொல்ல வேண்டும். மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டால் சொல்ல வேண்டும். கடன் தலைக்கு மேல் போனால், குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினால், மேலதிகாரிக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தவுடன் சிறிது காலத்துக்குக் குண்டு இருக்கும் பக்கம் வரவேண்டாம் என்று நிறுத்திவைப்பார்கள். தண்டனை இல்லை என்பார்கள். ஆனால் வேலையிலிருந்து விலக்கப்பட்டவன் ஜலதோஷத்துக்கு விலக்கப்பட்டானா, வேறு எதற்காவது விலக்கப்பட்டானா என்று சாப்பாட்டுக் கூடத்தில் பேசாமல் இருப்பார்களா? அப்படியொரு கண்ணுக்குக் கீழே இருபது வருடம். வீட்டில் போய், இன்று என்ன வேலை செய்தாய் என்று மகள் கேட்டால் பதில் சொல்ல முடியாது. குறிப்பிட்ட தளத்தில் அணு ஆயுதம் உண்டு என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம் என்பது அரசின் கொள்கை. டமாஸ்கஸில் வெடித்த காலையிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இருபது ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் உண்டு. அந்த இருபதுக்குள் பலர் தொழில் மாற்றிக்கொள்வார்கள். குண்டுப் பராமரிப்பிலிருந்து தளவாடத் திட்டமிடலுக்கு மாறுவது அதில் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் சம்பந்தமில்லாத இரண்டு வேலை போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பொருள், இப்போது எங்கே, யார் பொறுப்பில்?

தளவாடத் திட்டமிடுபவரின் கையில் பட்டியல்கள் இருக்கும். நாளைக்கே படை வெளிநாடு போக வேண்டும் என்று உத்தரவு வந்தால், யார் முதல் விமானத்தில், எந்த ஜெனரேட்டர் இரண்டாவது விமானத்தில், எந்தச் சமையல் கூடாரம் ஏழாவதில் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். ஒரு விமானச் சுமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சாக்'. சரக்கை அடுக்குவது 463எல் என்ற அலுமினியப் பலகையில். 108 அங்குலம் நீளம், 88 அங்குலம் அகலம், உள்ளே பால்சா மரம். 10,000 பவுண்டு வரை தாங்கும். சி-17 விமானத்தில் இப்படி 18 பலகை. ஒவ்வொன்றையும் எடைபோட்டு, விமானத்தின் எந்த இடத்தில் வைத்தால் சமன் கெடாது என்று கணக்குப் போட வேண்டும். கணக்குத் தப்பினால் விமானம் மூக்கைத் தூக்கும். 1960களில் வந்த பலகை இன்றும் அதே அளவுதான். போர்விமானங்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன, பலகை மாறவில்லை. இந்த ஒரு செய்திக்காக நான் அதை வடிவமைத்தவர்களுக்கு மாலை போடத் தயார்.

1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தபோது இந்தப் பட்டியல்கள் உண்மையான சோதனைக்கு வந்தன. தனியார் பயணிகள் விமானங்களையே படை வேலைக்குக் கேட்டு வாங்கும் ஏற்பாடு முதல்முறையாக அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. சரக்கு போய்ச் சேர்ந்தது. ஆனால் கப்பலில் போன ஏறத்தாழ 40,000 கண்டெய்னர்களில் பாதியைத் திறந்துபார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் என்ற நிலை. வெளியே எழுதியிருந்தது போதவில்லை. பாலைவன வெயிலில் பூட்டை உடைத்து, கூடாரமா பூட்ஸா என்று பார்த்து, மூடி, அடுத்த பெட்டி.

லேபிள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ஒரு ராத்திரி புரிந்தது. நைட் ஷிஃப்ட் ஃபிட்டர் 6205 பேரிங் கேட்டு இண்டென்ட் அனுப்பினார். அட்டைப்பெட்டியில் 6205 என்று இருந்தது, கொடுத்தேன், கார்டில் கழித்தேன். அரை மணியில் ஃபிட்டரே நேரில் வந்துவிட்டார். பெட்டிக்குள் இருந்தது 6305. உள்துளை இரண்டுக்கும் ஒன்றுதான், 25 மில்லிமீட்டர். வெளிவட்டத்தில் பத்து மில்லிமீட்டர் கூடுதல். யாரோ திருப்பிக் கொடுத்த பேரிங்கை யாரோ கையில் கிடைத்த காலிப் பெட்டியில் போட்டு ராக்கில் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது யாரோ நானாகவும் இருக்கலாம். ஃபிட்டர் திட்டியதை இங்கே சொல்ல முடியாது. பெண்கள் இருக்கிறார்கள், ஆண்களும் இருக்கிறார்கள். நஷ்டம் என்னவோ நான்கு மணி நேரம் ஒரு மோட்டார் நின்றதுதான்.

இதே தப்பைப் பெரிய அளவில் செய்தால் எப்படி இருக்கும்? தைவான் அமெரிக்காவிடம் ஹெலிகாப்டர் பேட்டரி வாங்கியது. 2006இல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. உள்ளே இருந்தது மினிட்மேன் ஏவுகணையின் மூக்குப் பகுதி, அணு வெடிமுனையை வெடிக்கச் செய்யும் மின்சாதனத்தோடு, நான்கு எண்ணம். வயோமிங் மாநிலத்துத் தளத்திலிருந்து யூட்டா மாநிலத்தின் ஹில் தளத்துக்கு 2005இல் திரும்பி வந்தவை, ரகசியப் பொருள் வைக்கும் இடத்தில் போகாமல் சாதாரணக் கிடங்கில் போய் உட்கார்ந்தன. அங்கிருந்து பேட்டரி என்ற பெயரில் கப்பலேறின. அணுப்பொருள் அவற்றில் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வந்தது நாங்கள் கேட்டது இல்லை என்று வாங்கியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தும், வந்தது என்ன என்பது வெளியே தெரிய 2008 மார்ச் ஆயிற்று. பட்டியலில் நான்கு குறைந்ததே தெரியாமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கடந்திருக்கிறது.

அந்த ஜூன் மாதம் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் விமானப்படையின் சிவில் தலைவர் மைக்கேல் வின்னையும், தலைமைத் தளபதி ஜெனரல் மோஸ்லியையும் ஒரே நாளில் பதவி விலகச் சொன்னார். டமாஸ்கஸ் போல இல்லாமல் இந்த முறை குற்றம் மேலே ஏறிப்போனது. தைவான் மட்டும் காரணமில்லை, இன்னொன்றும் இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு ஸ்பேனர் பெட்டி. மேலிடத்தில் ஆட்கள் மாறி, அணு ஆயுதங்களுக்கென்றே 2009இல் ஒரு தனித் தலைமையகமும் தொடங்கி, ஐந்து ஆண்டு கழிந்து, 2014 நவம்பரில் அப்போதைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் ஒரு உண்மையை வெளியிட்டார். மினிட்மேன் ஏவுகணைகள் அப்போது 450. மூன்று தளம்: வடக்கு டகோட்டாவில் மைனாட், மொன்டானாவில் மால்ம்ஸ்ட்ராம், வயோமிங்கில் வாரன். ஏவுகணையின் தலையில் வெடிமுனையை முறுக்கிப் பொருத்த ஒரு தனிக் கருவித் தொகுப்பு வேண்டும். மூன்று தளத்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு தொகுப்பு. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அதை ஃபெடெக்ஸ் கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏர்மேன்கள் புத்திசாலித்தனமாகச் சமாளித்தார்கள் என்று ஹேகல் பாராட்டவும் செய்தார். பாராட்டு நல்லதுதான். ஆனால் எந்த ஸ்டோர்ஸிலும் இந்தப் பாராட்டுக்கு அர்த்தம் ஒன்றுதான்: நீ அனுப்பிய இண்டென்ட்டை நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது மைனாட்.

2007 ஆகஸ்ட் 29. ஒரு வகை க்ரூஸ் ஏவுகணைகளை ஒழித்துக்கட்டுவதற்காக லூசியானாவில் உள்ள பார்க்ஸ்டேல் தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெடிமுனையைக் கழற்றி, அதே எடையில் போலி முனை பொருத்தி, பி-52 விமானத்தின் இறக்கைக்கு ஆறு ஆறாகத் தொங்கவிட்டு அனுப்ப வேண்டும். ஆறு ஏவுகணையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தூக்கிக்குப் பைலான் என்று பெயர். முதலில் குறித்திருந்த பைலான் ஒன்றுக்குப் பதில் வேறொன்றை அனுப்பலாம் என்று மேலே தீர்மானித்தார்கள். காலாவதி நாள் அந்த வேறொன்றுக்குத்தான் நெருங்கியிருந்தது. நல்ல தீர்மானம். ஆனால் அந்த மாற்றம் இக்ளூவில் வேலை பார்ப்பவர்களின் தாளில் ஏறவில்லை. முதலில் குறித்திருந்த பைலான் அங்கேயே இருந்தது, அதையே வெளியே எடுத்தார்கள். அதில் இருந்த ஆறு ஏவுகணையிலும் உண்மையான வெடிமுனை. ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவைப்போலப் பத்து மடங்கு வரை போகக்கூடியது.

ஏவுகணையின் உடலில் ஒரு சிறு கண்ணாடி ஜன்னல் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது போலியா உண்மையா என்று தெரியும். வெளியே எடுத்தவர்கள் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இழுத்துப்போன வண்டிக்காரர் சரிபார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இறக்கையில் ஏற்றியவர்கள், அவர்களும் இல்லை. மறுநாள் புறப்படும் முன் விமானத்தின் அதிகாரி போய்ப் பார்த்தார். வலது இறக்கையில் மட்டும் பார்த்தார். போலிகள் இருந்தது வலது இறக்கையில். இடது பக்கம் யாரும் போகவில்லை. இரண்டு பேர் விதி, உரக்கப் படிக்கும் புத்தகம், ஸ்பாஞ்சில் பள்ளம் எல்லாம் அந்தத் தளத்தில் இருந்தனதான். அன்று ஒவ்வொருவரும் தனக்கு முந்தைய ஆள் பார்த்திருப்பார் என்று நினைத்தார்கள்.

இரவு முழுக்க அந்த விமானம் மைனாட் தளத்தில் வழக்கமான காவலோடு நின்றது. அணு ஆயுதத்துக்குரிய காவல் இல்லை. ஆயுதம் இருப்பதாகவே யாருக்கும் தெரியாதே. 30ஆம் தேதி காலையில் புறப்பட்டு நாட்டின் நடுவே தெற்கு நோக்கிப் பறந்து நண்பகலுக்கு முன் பார்க்ஸ்டேலில் இறங்கியது. அங்கும் பகல் முழுக்கச் சும்மா நின்றது. இதற்காகப் பிறகு கர்னல்கள் பதவி இழந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு அணு ஆயுதத்தைத் தொடும் தகுதி பறிபோனது, மேலே சொன்ன ஜூன் மாதப் பதவி விலகலுக்கு இதுவும் சேர்ந்து காரணமாயிற்று.

அன்று இரவு எட்டரை மணிக்கு ஏவுகணைகளை இறக்க பார்க்ஸ்டேல் ஆட்கள் வந்தார்கள். ஏர்மேன்கள். அவர்கள் தாளிலும் போலி என்றுதான் எழுதியிருந்தது. அவர்களில் ஒருவருக்கு இடது இறக்கையில் இருந்தவை என்னவோ சரியாகப் படவில்லை. வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். பத்து மணிவாக்கில் அவர் வந்து பார்த்து உறுதி செய்தார். இக்ளூவை விட்டு அவை வெளியே வந்து அதற்குள் 36 மணி நேரம். அந்த 36 மணி நேரத்தில் ஆறு குறைகிறது என்று மைனாட் ஸ்டோர்ஸிலிருந்து யாரும் யாருக்கும் சொல்லவில்லை.